மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜ்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. புதுப்பொருள் வாங்குவது மேலா, பழசை வைத்திருப்பது மேலா என்று ஒரு பத்திரிகையில் எழுதக் கேட்டார்கள். உலகத்தில் இதைவிடத் தலைபோகிற விஷயம் இல்லை என்பதுபோல நானும் உட்கார்ந்தேன்.

‘பழைய பொருள்களுக்கு ஓர் ஆன்மா இருக்கிறது, அது

(ஆன்மாவாம். இருப்பது துரு.)

‘புதியதை வரவேற்பதே வாழ்வின்

(இதைக் கடைக்காரர் எழுதட்டும்.)

2

ஆகவே ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். போகிற வீட்டிலெல்லாம், “இது இனிமே தேறாது, புதுசு வாங்கிடுங்க” என்பார். தேறாதவற்றிலிருந்து கழற்றியதையெல்லாம் கொண்டுவந்து தன் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜில் மாட்டிக்கொள்வார். சமீபத்தில் அதன் தெர்மோஸ்டாட் போய்விட்டது. போதுமான குளிர் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்துகிற சாமான் அது. மாற்றச் சோம்பல்பட்டு, ஒயரை நேராக இணைத்துவிட்டார். அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடியது, கீழ்த்தட்டில்கூட ஐஸ் கட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டி, புதுசு இப்படிக் கூலிங் கொடுக்குமா என்று கேட்டார்.

(இவரை உள்ளுக்குள் தங்கமான மனிதராக எழுதலாமா? உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

3

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சர்க்கரை வியாதிக்காரி. தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினைக் கணவரின் அந்தப் பெருமைக்குள்தான் வைத்திருந்தாள். ஊசி தவறவில்லை, வாயையும் கட்டினாள். ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போய்க் கண் மங்க ஆரம்பித்தது. இனி வேன் ஓட்ட முடியாதோ என்று பயந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக்குக் கஷ்டமே இல்லை. மச்சினி வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “உங்கக்கா திருட்டுத்தனமா ஸ்வீட் திங்கறா. அப்புறம் ஊசி என்ன பண்ணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

4

மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டவள் ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் ஃபிரிட்ஜில் எல்லாமே கல்லாக உறைந்துவிடும், மருந்தை இளகவைத்துத்தான் போட்டுக்கொள்கிறேன் என்று இவள் சொன்னதும் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் இளகினாலும் உதவாது. இவள் புது மருந்து வாங்கிப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். சர்க்கரை இறங்கியது. கண்ணும் தெளிந்தது.

மெக்கானிக் பூரித்துப்போனார். “பாத்தியா? நான் நாலு பேர் முன்னாடி சொன்னதும் ஒழுங்கா வாயக் கட்டிட்ட.”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார், மூடினார். தெர்மோஸ்டாட்தானே, இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றார். அவள் வேன் சாவியை எடுத்தாள். சரி, புதுசே வாங்கிவிடலாம் என்றார்.

“ஃபிரிட்ஜ என்ன வேணா பண்ணுங்க. நான் திருடித் தின்னேன்னு என் தங்கச்சி வீட்ல சொன்னீங்களே, அத எப்படி மாத்துவீங்க?”

5

முடிவு ஒன்று: அவர் தேம்பித் தேம்பி

(ஆளைத் தெரிந்துதான் எழுதுகிறேனா?)

முடிவு இரண்டு: அன்றே மச்சினி வீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும்

(போகமாட்டார். பாதி வழியில் அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.)

‘அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் பழசா புதுசா?’ என்று கேட்கிற வாசகரே, உங்களுக்கும் இந்த மெக்கானிக்குக்கும் நன்றாக ஒத்துப்போகும். அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். அவர் வாயில் நான் எந்தப் பதிலைப் போட்டாலும் ஏதாவது உதிரிப்பாகத்தின் பெயராகவே வெளியே வருகிறது. நீங்கள் ஒன்று போட்டுப் பாருங்கள். சீக்கிரம், அவள் வேன் எடுக்கப் போகவேண்டும்.