யாரும் இருமாத தூசி

உலகத்திலேயே சுத்தமான பொருள் போர்வெல் தூசிதான் என்பது பூபதியின் தீர்மானம். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தாய்ப்பாலையே அவன் இரண்டாவது இடத்தில்தான் வைத்திருந்தான். தரைக்கு மேலே கிடக்கிற தூசி நாலு பேர் மிதித்தது, நாய் புரண்டது, சங்ககிரி பஸ் கிளப்பிவிட்டுப் போனது. எழுநூறு அடிக்குக் கீழே பாறைக்குள் இருக்கிற தூசியில் இதுவரைக்கும் எவனாவது துப்பியிருக்கிறானா, தும்மியிருக்கிறானா, ஒரு இருமல் இருமியிருக்கிறானா? உலகம் உண்டான அன்றைக்கு மூடி வைத்த டப்பா அது. அதைத் திறக்கிற புண்ணியம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரனுக்கு வாய்த்திருக்கிறது. டிரில்லர் வேலையில் ராஜஸ்தான் வரைக்கும் போய் பாறையைப் பொடித்து, அந்த மாவை வயிறார விழுங்கியவன் அவன். ஒரு காய்ச்சல் என்று படுத்ததில்லை. விடியக்காலம் வருகிற இருமலை அவன் இருமலாகவே சேர்த்துக்கொள்வதில்லை. அது தொண்டையைச் சரி பண்ணுவது.

இந்தத் தத்துவத்துக்கு எதிரி அவன் வீட்டிலேயே இருந்தாள். மனைவி பிரபா. மகள் அறிவுச்செல்விக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. எட்டாவது மாசத்தில் கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து அடைத்து அனுப்பினார்கள். இதயம் சரியாகிவிட்டது, ஆனால் இத்தனை மாசம் அளவுக்கு மீறிய ரத்தத்தைத் தாங்கின நுரையீரல் தேற நாளாகும், அதுவரைக்கும் தூசி, புகை, கூட்டம், சளி பிடித்த ஆள் எதுவும் கிட்டே வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நெஞ்செலும்பு கூடவில்லை என்பதால் குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. தலைக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து, முறத்தில் அள்ளுகிற மாதிரி அள்ளவேண்டும்.

பிரபா இதையெல்லாம் சட்டமாக்கிவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் போடுகிற சாம்பிராணிப் புகை நின்றுபோனது. ஜன்னலெல்லாம் நனைத்த சேலை தொங்கியது. யாராக இருந்தாலும் வேலைக்குப் போட்ட துணியை வெளியே கழற்றிவிட்டு, வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கைகால் கழுவித்தான் உள்ளே வரவேண்டும். பூபதி அந்தக் குழாய்க்கு டோல்கேட் என்று பேர் வைத்தான். ஒற்றை விரலை நனைத்து, அதை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போவான். வழியில் போகிறவர்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் இவனே சொல்லிவிடுவான்.

"நம்மூட்டு ஜன்னலெல்லாம் வயசுக்கு வந்துருச்சுங்க. அதான் சேலை கட்டி உட்டிருக்கறோம்."

வீட்டுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் சின்னுசாமியின் காடு. அவருடைய பழைய போர் வற்றிப்போய், குச்சிக்கிழங்குச் செடியெல்லாம் தலை தொங்கி நின்றது. மாப்ள, நீயே வந்து ஒரு குழி போட்டுக் கொடு என்று அவர் கேட்டபோது பூபதியால் மறுக்க முடியவில்லை. புள்ளையை மறுபடி கோயமுத்தூரில் காட்டிவிட்டு வருகிற வரைக்கும் தள்ளிப் போடச் சொன்னாள் பிரபா. காற்று கிழக்கே போகிறது, நம் வீடு மேற்கே இருக்கிறது, காற்றுக்குத் திசை தெரியாதா என்று கேட்டான் பூபதி.

காலையில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கி ரிக்கை இறக்கினார்கள். பழம் நசுங்கிவிட்டால் தண்ணீரைப் பார்க்காமல் கம்ப்ரசரை நிறுத்தக்கூடாது. ரிக்காரர்களுக்குள் இது எழுதாத சட்டம். பாதியில் நிறுத்தினால் அரைத்த மாவு உள்ளேயே படிந்து துளை போடுகிற ராடைக் கவ்விக்கொள்ளும், தொழிலுக்கும் ஆகாது. பூபதி இதுவரை நிறுத்தினவன் இல்லை.

உச்சிவெயிலில் காற்று திரும்பியது.

குழியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த வெள்ளைப் புகை முதலில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் மெதுவாகப் படுத்து, தெரிந்த வீட்டுக்குப் போகிற விருந்தாளி மாதிரி மேற்கே நடந்தது. சுத்தமான தூசிதானே என்று பூபதி தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே கண் வீட்டு ஜன்னலுக்குப் போனது. சேலைகள் வெளுத்தன. ஓடு தெரியவில்லை. அப்புறம் வாசலே தெரியவில்லை.

புகை ஒரு கணம் விலகியபோது பிரபா வாசலில் நின்றிருந்தாள். கம்ப்ரசர் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. இதோ முடிந்துவிடும் என்று கையைக் காட்டினான். அப்போதுதான் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். ஒரு கை தலைக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். அத்தனை பதற்றத்திலும் அவள் முறத்தில் அள்ளுகிற மாதிரியே அள்ளியிருந்தாள். குழந்தையின் கை ஒன்று கீழே தொங்கியது.

பூபதி கம்ப்ரசரை நிறுத்தினான்.

திடீரென்று விழுந்த அந்த அமைதியில் அவன் மகளின் இருமல் கேட்டது. சின்ன இருமல். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. அப்புறம் ஒன்று. அடுத்தது வர நெடுநேரம் ஆனது.

ஓடினான். கேட்டுக்கு வந்ததும் பிரபா ஒரு அடி பின்னால் போனாள்.

"கிட்ட வராதீங்க."

அவன் தன்னைக் குனிந்து பார்த்தான். தலைமுதல் கால்வரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தான். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற நிறம். ஆபரேசனுக்கு முன்னால், வீறிட்டு அழும்போது வருகிற நிறம். இனிமேல் பார்க்கவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்த நிறம். நெஞ்சுத் தழும்புக்கு இரண்டு பக்கமும் விலா உள்ளே இழுத்து இழுத்து விட்டது. தன்னையறியாமல் கையை நீட்டினான்.

"தொடாதீங்கன்னு சொல்றனில்ல."

காற்று வருகிற பக்கம் மரத்தடியில் நின்றிருந்த சின்னுசாமி வேட்டியில் தூசி படாமல் இருந்தார். அவர்தான் காரை எடுத்து வந்தார். பிரபா பின்சீட்டில் ஏறினாள். கதவைப் பிடித்த பூபதி, அதில் தன் கை வெள்ளையாகப் பதிந்ததைப் பார்த்து, தானே எடுத்துக்கொண்டான்.

பைக்கில் பின்னாலேயே போனான். காரின் பின்கண்ணாடியில் பிரபாவின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. குனிந்திருக்கிற வரைக்கும் அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். நிமிர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவனால் நினைக்க முடியவில்லை. தலை நிமிரக்கூடாது, நிமிரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே திருச்செங்கோடு வரைக்கும் போனான். கோயில் மலை எதிரே வந்தது. கும்பிடுவதற்குக்கூட அவன் கண்ணை அந்தத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அறிவுச்செல்வியின் முகத்தை மறைத்து ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்தைப் பனியாக்கிக் கொடுத்தார்கள், கோயமுத்தூருக்குப் போன் போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, வீட்டுப் பக்கம் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். இந்த விஷயத்தில் பூபதியிடம் பல வருசமாகத் தயாராக ஒரு பிரசங்கம் இருந்தது.

"போர் போடறாங்க," என்றான்.

டாக்டர் அவனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.  இன்னும் கொஞ்சநேரம் புள்ளை அதற்குள் இருந்திருந்தால் நுரையீரல் இறுகியிருக்கும், அப்புறம் யார் கையிலும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாயும்போதுதான் உதட்டில் சிவப்பு திரும்ப வந்தது. இருந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். பிரபா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"தண்ணி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நிறுத்திட்டேன்."

 புள்ளைக்கு மாற்றுத்துணி எடுத்துவரச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் காட்டில் ராடைக் கவ்வக் கொடுத்துவிட்டு ரிக் சும்மா நின்றது. ரிக் முதலாளி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதைத் தூணோரம் வைத்துவிட்டு, சட்டையையும் கைலியையும் வாசலிலேயே கழற்றிப் போட்டான். குழாயைத் திறந்தான். தலை, காது மடல், நக இடுக்கு என்று ஒவ்வொன்றாக சோப்புப் போட்டான். கழுவி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். பார்க்க யாருமில்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், சேலைகளை உதறாமல் மெதுவாகச் சுருட்டி எடுத்துவந்து வாளியில் முக்கினான். தண்ணீர் பால் மாதிரி ஆனது. கொட்டிவிட்டு வேறு பிடித்தான். தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசி, ஒவ்வொரு ஜன்னலாக ஓரம் இழுத்துக் கட்டினான். மடிப்பு விழுந்த இடத்தில் சந்து தெரிந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

சின்னுசாமி காரை நிறுத்திவிட்டு கேட்டைத் திறந்தார். "புள்ளை கண்ணு முழிச்சுப் பார்த்துதாமா மாப்ள?"

பார்த்தது என்று தலையாட்டினான் பூபதி. அவர் படியில் காலெடுத்து வைக்கப் போனார்.

பூபதி குழாயைத் திறந்துவிட்டான். சோப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தான்.