கையில் பிடித்த கோப்பை

பெண் கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் பள்ளத்தாக்கின் மற்ற வீடுகளில் காபி கொடுப்பார்கள். ஒயின் செய்கிற எங்கள் நஹ்ரா வீட்டில் ஒயினே கொடுப்போம். மற்றபடி முறை ஒன்றுதான். வந்தவர்களில் மூத்தவர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொள்வார். பெண் வீட்டார் சரி என்று சொல்லும் வரை அதை உதட்டில் வைக்க மாட்டார். எவ்வளவு நேரம் கழித்துச் சரி சொல்வது என்பது பெண் வீட்டாரின் தகுதியைப் பொறுத்தது. தகுதியில்லாதவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். என் அப்பா யாரையும் பொழுது சாயும் முன் குடிக்க விட்டதில்லை. என்னைக் கேட்டு வந்தவர்கள் பாதியிலேயே கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதவன் என்ன குடித்தனம் நடத்துவான்? இந்த வயதிலும் ஸஹ்லே ஊரில் எல்லோருக்கும் நான் மத்மஸேல் லபீபாதான், அதாவது குமாரி லபீபா. அந்தப் பட்டத்தை நான் தலை நிமிர்ந்தே சுமக்கிறேன்.

என் தம்பி நக்லே இறந்தபின் வீட்டுக்கு மூத்தவள் நான்தான். அவன் மகள் ரோலாவைக் கேட்டு ஸமாஹா குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பியதும், ரோலாவின் அம்மா ஜோர்ஜெத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அண்ணி, பதில் சொல்றதுக்கு ஆம்பளை ஒருத்தர் வேணுமில்ல? பெய்ரூத்லேருந்து எங்கண்ணனை வரச் சொல்லட்டுமா?"

"உங்கண்ணன் கல்யாணத்துக்கு வரட்டும். வந்து சாப்பிடட்டும். பேசறது நான்."

அதற்குக் காரணம் உண்டு. ஸமாஹாக்கள் கொஞ்ச வருஷம் முன்பு வரை ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தவர்கள். இப்போது ஒயின் செய்கிறார்கள். பெய்ரூத் ஹோட்டல்களிலெல்லாம் அவர்கள் பாட்டில்தான். அந்தக் குடும்பத்துப் பெரியவர் அபூ மித்ரி, ஊரே கூடியிருந்த ஒரு கல்யாண வீட்டில், "நஹ்ரா ஒயினா? பழைய பெயர்! பெயரைக் குடிக்க முடியுமா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்த மனிதர் இப்போது எங்கள் கூடத்துக்கு வந்து கையில் கோப்பையோடு உட்காரப்போகிறார். அந்தக் கோப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரோலா பிறந்த வருஷம், மலைக்கு அந்தப் பக்கம் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, நக்லே திராட்சை பறித்துச் செய்த ஒயின் அது. "இவளைக் கேட்டு வர்ற அன்னிக்குத் திறக்கணும்" என்று தனியாக எடுத்து வைத்தான். நிலவறையில் ஒரே ஒரு பாட்டில் மிஞ்சியிருந்தது. அதை அபூ மித்ரி குடிக்க வேண்டும். குடித்துவிட்டு, பெயரைக் குடிக்க முடியுமா என்று மறுபடி கேட்கட்டும்.

அன்று காலை நிலவறையில் பாட்டிலின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரோலா படியிறங்கி வந்தாள். அவள் பிரான்ஸில் ஒயின் செய்வதையே படித்தவள். இப்போது எங்கள் ஒயினெல்லாம் அவள் கைவேலைதான்.

"அத்தை, இது திறந்தா ரொம்ப நேரம் தாங்காது. போன வருஷம் இதோட ஜோடியைத் திறந்தோமே, ஞாபகம் இருக்கா? ஊத்தினதும் சொர்க்கம். நான் உள்ள போய் ரொட்டி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வெறும் தண்ணி."

"அது வேற பாட்டில்."

"எல்லாம் ஒரே பீப்பாய்தான். நீங்க பேச்சையெல்லாம் முடிச்சுட்டு அப்புறம் திறங்க."

"கேக்கும்போது கையில கோப்பை இருக்கணும். வெறுங்கையோட கேட்டுட்டுப் போக அவங்க என்ன தக்காளி வாங்கவா வர்றாங்க?"

"அப்ப சுருக்கமா பேசுங்க."

"நஹ்ரா வீட்டுப் பொண்ணைச் சுருக்கமா குடுக்கறதா?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு மேலே போனாள். நான் ஒரு வாரமாக மனத்துக்குள் கட்டி வைத்திருந்த பேச்சு அது. முப்பாட்டனார் முதல் கொடியை நட்டதில் ஆரம்பித்து நக்லேயில் முடியும். அதில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அபூ மித்ரி, அவர் மனைவி உம் மித்ரி, தகப்பனில்லாமல் அவர்களிடம் வளர்ந்த தம்பி மகன் ரம்ஸி. அவன்தான் மாப்பிள்ளை. நல்ல உயரம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான்.

வந்தவர்களுக்கு முதலில் இளம் ஒயின். ரோலா போன வருஷம் செய்ததை ஊற்றினாள். இதற்குக் காத்திருக்கும் முறை கிடையாது, யாரும் எப்போதும் குடிக்கலாம். எங்கள் வீட்டில் ஒயினைப் பற்றிப் பேச ஒரு விதி உண்டு. அவரவர் மூக்கும் நாக்கும் நிஜமாகச் சந்தித்ததை மட்டுமே சொல்லலாம், புத்தகத்தில் படித்ததைச் சொல்லக் கூடாது. அதைச் சொன்னதும் அபூ மித்ரிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மல்பெரி! கருப்பு மல்பெரி. சட்டையெல்லாம் கறையாக்கிட்டு எங்கம்மாகிட்ட செருப்படி வாங்கினேனே, அதே மல்பெரி."

"எனக்கு ஈறெல்லாம் இழுக்குது" என்றார் உம் மித்ரி. "பழுக்காத பேரிக்காயைக் கடிச்ச மாதிரி. பல்லைக் கழட்டி வச்சுட்டுத்தான் குடிக்கணும்போல."

ரம்ஸி மெதுவாக, "மிளகு... அப்புறம் புதுச் செருப்பு" என்றான்.

"புதுச் செருப்பை எப்படா நீ நக்கின?" என்றார் அவன் பெரியம்மா உம் மித்ரி. ஜோர்ஜெத் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். ரோலா மட்டும், "சரியாத்தான் சொல்றாரு. புதுத் தோல் வாசனை இருக்கு" என்றாள். ரம்ஸி காது வரை சிவந்தான்.

அவர்கள் கொண்டுவந்திருந்த ஸமாஹா ஒயினையும் திறந்தோம். அதுவும் இளசுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வாய் குடித்தேன். வாயெல்லாம் பீப்பாய் மரத்தின் வாசனைதான்.

"பீப்பாய் ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன்.

"மத்மஸேல், இது புகழ்ச்சியா, திட்டா?"

"குடிச்சுட்டு உண்மையைச் சொன்னேன் அபூ மித்ரி. இன்னும் கொஞ்ச வருஷம் போனா உள்ள திராட்சையும் வெளியே வந்து முகம் காட்டும்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர்தான் என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு நான் எழுந்து நக்லேயின் பாட்டிலைக் கொண்டுவந்தேன். தக்கை பாதியில் உதிர்ந்தது. மிச்சத்தைப் பொறுமையாக எடுத்தேன். மண்டி கலங்காமல் எனக்கு ஒரு விரற்கடை ஊற்றிப் பார்த்தேன். கெட்டுப்போயிருக்கிறதா என்று வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது முறை.

கருஞ்சிவப்பெல்லாம் போய் எங்கள் கூரை ஓட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. வாயில் வைத்தேன். ரோஜா இதழ் ஊறிய சர்க்கரைப் பாகு. அதன் பின்னால் காய்ந்த அத்தி. பிறகு நக்லேயின் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் புகையிலை. துவர்ப்பு முழுக்கக் கரைந்து, முதல் மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை மட்டும் தொண்டையில் நின்றது. என் தம்பி கெட்டிக்காரன்.

ஒயினைத் தனியாகக் குடிப்பது பாதிக் குடிப்பதுதான். "உங்களுக்கு அத்தி வந்ததா?" என்று யாரையாவது கேட்க வேண்டும். அவர் "அத்தியா? பேரீச்சை!" என்று சண்டைக்கு வர வேண்டும். நான் அபூ மித்ரியின் கோப்பையில் ஊற்றினேன். மற்றவர்களுக்கும் ஊற்றி உட்கார்ந்தேன். இனி யாரும் குடிக்கக் கூடாது.

அபூ மித்ரி கோப்பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ஸமாஹா குடும்பம் ஹவ்ரான்லேருந்து இந்த மண்ணுக்கு வந்த கதையிலேருந்து ஆரம்பிக்கறேன்."

எனக்கு மகிழ்ச்சிதான். நீளமாகக் கேட்டால்தான் நீளமாகப் பதில் சொல்லலாம். ஹவ்ரானில் பஞ்சம் வந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் தம்பிகள் அனேகம். அவர்களிடம் ஒரு கோவேறு கழுதை இருந்தது. அதன் குணத்தை அவர் விவரிக்க ஆரம்பித்தபோது என் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன்.

ரோஜாவைக் காணோம்.

சமையலறை வாசலில் நின்ற ரோலாவைப் பார்த்தேன். அவள் அபூ மித்ரியின் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டு நிறம் தேநீர் நிறமாகிக்கொண்டிருந்தது. அவள் என்னை நோக்கிக் கையை விரித்தாள்.

"...அந்தக் கழுதைக்கு ஆத்தைக் கண்டா ஆகாது. ஆனா வழியில ஏழெட்டு ஆறு இருக்கே!"

நான் மறுபடி முகர்ந்தேன். அத்தி இருந்தது, ஆனால் அடுத்த அறையில் இருந்தது. புகையிலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. என் பேச்சின் முதல் வரி நாக்கில் காத்திருந்தது. இவர் முதலில் கேட்டு முடிக்க வேண்டும், அப்புறம் நான் முப்பாட்டனாரிலிருந்து வர வேண்டும். அதற்குள் இந்த மனிதர் கையில் பிடித்திருப்பது வெறும் தண்ணீராகிவிடும். அவர் அதைக் குடித்துவிட்டு, மரியாதைக்கு "நல்லாயிருக்கு" என்பார். வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார். நக்லே இத்தனை வருஷம் காத்து வைத்தது அதற்கா?

"அபூ மித்ரி" என்றேன். "கழுதையை அந்த ஆத்தங்கரையிலேயே கட்டுங்க."

பெண் கேட்டு வந்தவர் பேச்சில் நஹ்ரா வீட்டில் ஒருவரும் குறுக்கிட்டதில்லை.

"என்ன மத்மஸேல்?"

"கேளுங்க."

"என்னத்தை?"

"பொண்ணை! பொண்ணைக் கேக்கத்தானே வந்தீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தோளைக் குலுக்கினார். "எங்க ரம்ஸிக்கு... உங்க ரோலாவை... கேக்கறோம்" என்று அபூ மித்ரி முடித்தார்.

"குடுத்தோம். குடிங்க."

குலவையிட யாரும் தயாராக இல்லை. ஜோர்ஜெத் சர்க்கரைப் பாதாம் தட்டை இன்னும் எடுக்கவேயில்லை. அபூ மித்ரி கோப்பையை உயர்த்தவில்லை. கொஞ்சம் கீழே இறக்கினார். உம் மித்ரியின் புருவம் மேலே போயிற்று.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றார் உம் மித்ரி. "நஹ்ரா வீட்டுல சாயங்காலம் வந்தா விடியறதுக்குள்ள பதில் கிடைக்காதுன்னு சொல்லித்தான் நான் சால்வையெல்லாம் எடுத்துட்டு வந்தேன். பொண்ணுக்கு ஏதாவது... நான் தப்பாக் கேக்கலை..."

என் வாழ்நாளில் ஒருவரும் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி அப்படி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியதில்லை. ரத்தம் தலைக்கேறியது. ஆனால் கோபப்படவும் நேரமில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதை ஸமாஹாக்கள் முன்னால் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வதே மேல் என்று காலையில் நினைத்திருந்தேன்.

நான் எழுந்து நின்றேன்.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல உம் மித்ரி. ஒயின்தான் போயிட்டிருக்கு. இவ பொறந்த வருஷம் இவங்கப்பன் செஞ்சது. இதுக்கு மேல இருப்பு இல்ல. வயசாயிடுச்சு, காத்து பட்டா நிக்க மாட்டேங்குது. நீங்க கையில வச்சுக்கிட்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது செத்துக்கிட்டிருக்கு. மார் இலியாஸ் மேல ஆணையா சொல்றேன், குடிங்க!"

அபூ மித்ரி கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. ஒரே மூச்சில் பாதியை வாயில் எடுத்துக்கொண்டார். விழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு பேசுகிற மனிதர் வாயடைத்து உட்கார்ந்திருப்பதை உம் மித்ரியே அப்போதுதான் பார்த்திருப்பார். பயந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"குடி" என்றார் அவர், விழுங்கிவிட்டு. "பேசாத, குடி."

எல்லோரும் அவசர அவசரமாகக் குடித்தோம்.

"அத்தி வந்ததா?" என்று கேட்டேன்.

"அத்தியா? யாரு சொன்னா? பேரீச்சை!"

"அத்தி அபூ மித்ரி. காய்ஞ்ச அத்தி."

"மத்மஸேல், நான் ஈராக்லேருந்து பேரீச்சை வாங்கி வித்தவன். எனக்கே அத்தி காட்டறீங்களா? பேரீச்சை, அப்புறம் புகையிலை."

"புகையிலை சரி."

"எனக்கு எங்கப்பாவோட அலமாரி" என்றார் உம் மித்ரி மெதுவாக. "அவர் போனதுக்கப்புறம் திறந்தப்போ வந்த வாசனை." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதைப் போய்க் கழுதைக் கதை சொல்லிச் சாகடிச்சியே மனுஷா" என்று புருஷனை இடித்தார்.

ரம்ஸி கடைசியாகக் குடித்தான். பதற்றத்தில் கோப்பையை எங்கோ வைத்துவிட்டுத் தேடியிருக்கிறான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் ரோலாவைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் கிடைக்கலை" என்றான். "ஈரக் கல்லு மாதிரி ஒரு வாசனை. அவ்வளவுதான்."

"ரோஜான்னாவது சொல்லுடா" என்று பெரியம்மா காதைக் கடித்தார்.

"வரலையே பெரியம்மா."

ரோலா சிரித்தாள். விதி தெரிந்த பிள்ளை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் ஜோர்ஜெத்துக்கு நினைவு வந்து குலவையிட்டாள். பாதாம் தட்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அபூ மித்ரி என் பக்கம் சாய்ந்தார்.

"மத்மஸேல், ஒரு கல்யாண வீட்டுல நான் ஒண்ணு சொன்னேன்..."

"எனக்கு எதுவும் ஞாபகமில்லை."

"எனக்கு இருக்கு." காலிக் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். அடியில் மண்டி ஒரு கோடாக ஒட்டியிருந்தது. "குடிக்க முடியுது."

நான் பாதாம் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னேன். ரோலாவை அழைத்து, அவளுடைய இளம் ஒயினையே மறுபடி எல்லோருக்கும் ஊற்றச் சொன்னேன். எல்லோரும் கையில் வாங்கிக்கொண்டார்கள்.

"யாரும் குடிக்காதீங்க" என்றேன். "நான் இன்னும் பேசலை."

"குடுத்தாச்சே!" என்றார் உம் மித்ரி.

"குடுத்தாச்சு. யாரு குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

முப்பாட்டனாரிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரியும் விடவில்லை. அவர்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. ரம்ஸியின் கை ஆடவேயில்லை. நக்லேயில் வந்து முடித்து, "இப்ப குடிங்க" என்றேன்.

உம் மித்ரி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது முதல்ல குடிச்சதுதானா? ஈறு இழுக்கவே இல்லையே. மெத்துன்னு ஆயிருக்கே!"

"அதேதான்" என்றாள் ரோலா. "இது எவ்வளவு நேரம் காத்து பட்டாலும் தாங்கும். இன்னும் கொஞ்சம் இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

அபூ மித்ரி தன் கோப்பையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, தொண்டையைச் செருமினார்.

"அப்படின்னா" என்றார், "அந்தக் கழுதை இன்னும் ஆத்தங்கரையிலதான் நிக்குது."