பானுப்பிரியா பேரில் நாற்பத்தொன்று

காலையில் அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே பானுப்பிரியாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் அவள் ஒருத்திதான் வேலைக்கு. சின்ன முதலாளி சரவணக்குமார் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த கையோடு ஒரு சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஆர்டரையும் வேலை வேலையாகப் பிரித்து, தேதி போட்டு, பொறுப்பாளர் பேரையும் போட வேண்டும். தேதி தப்பினால் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு விழும். மழை பெய்தால் வெடி காயாது என்று அந்த சாஃப்ட்வேர் மகாராசனுக்கு யார் சொல்வது? அதன் ஊரில் வருஷம் பூராவும் வெயில்.

முதல் வாரமே காயப்போடும் களத்து ஃபோர்மேன் அய்யாதுரை வந்து நின்றார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெடி விபத்தில் செத்துப்போனவர்கள் பேரை மட்டும்தான் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிப்பார்கள்.

"எம் பேருக்குப் பக்கத்துல செவப்பா கெடக்காமே. வீட்டுல தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா. எடுத்துரு தாயி."

எடுக்க வழியில்லை, பேரை மாற்றத்தான் வழி இருந்தது. தன் பேரைப் போட்டுக்கொண்டாள். கேள்விப்பட்டு மற்ற ஃபோர்மேன்களும் வந்தார்கள். இவள் மட்டும் என்ன சாகாவரம் வாங்கி வந்தவளா என்று ஒரு ஆளாவது நினைக்க வேண்டுமே, இல்லை. அவளும் நினைக்கவில்லை. இருந்த அசதியில் பயப்படக்கூடத் தெம்பில்லை.

புரட்டாசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் சரவணக்குமார் ஒரு தாளை நீட்டினார்.

"நாப்பத்தொரு வேலை லேட்டு. எல்லாம் ஒம் பேருல. திங்கக்கிழமையிலருந்து மருந்து ரூமுக்குப் போயிரு. அங்கன ஆள் பத்தல."

பானுப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அம்மா இருளம்மாள் பத்தொன்பது வருஷமாக அந்த ரூமில் வெடிமருந்து அடைக்கிறாள். மகள் கையில் மருந்து படக் கூடாது என்றுதான் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள்.

"மழைதான் சார் காரணம். மழைன்னு போட அதுல எடமில்ல."

"மழைக்கா லாகின் குடுக்க முடியும்? ஆள் பேரு வேணும்."

ஸ்டாக் சீட்டு கொடுக்க வந்த அய்யாதுரை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அதுல பாதி என் வேலை சின்ன மொதலாளி. மிச்சம் மத்த ஃபோர்மேனுக வேலை. நாங்க கேட்டுத்தான் அவ பேரைப் போட்டா. அவுக கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எங்க பேரையே போடச் சொல்லுங்க."

பானுப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தாள். மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு நாற்பத்தொன்றும் அவரவர் பேருக்குப் போய்ச் சேர்ந்தன.

சரவணக்குமார் வந்து குனிந்து, கம்ப்யூட்டரில் அவள் பேரைத் தட்டிப் பார்த்தார். மேலும் கீழும் தள்ளினார்.

"ஒம் பேருல ஒரு வேலைகூட இல்லையே."

"இதையெல்லாம் ஏத்துறதுதான் சார் என் வேலை."

"அது இதுல இல்லையே" என்றார் அவர், கோபமே இல்லாமல். "அப்ப திங்கக்கிழமை மருந்து ரூமுக்குப் போயிரு."