எட்டாவது வேட்டு

டமார் என்று ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரோட்டோர மண்ணை உழுதுகொண்டே போய், ஒரு புளியமரத்துக்கு நாலு முழம் தள்ளி நின்றது.

நாலைந்து பேர் சாமி பேரைச் சொன்னார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முத்திருளன் மட்டும் சாமியையும் கூப்பிடவில்லை, கம்பியையும் பிடிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணு" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ராக்கம்மாள் மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையை அணைத்தபடி திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து, டயர் வெடித்திருக்கிறது, இறங்கு என்றார்.

கிணறு வெட்டும் வேலையை அவர் விட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. எது வெடித்தாலும் எண்ணுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த டவுன் பஸ், செக்கானூரணிக்கு இரண்டு மைல் முன்னால் படுத்துவிட்டது. மாற்று டயர் இல்லை. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்று டிரைவர் போனில் பேசிவிட்டுச் சொன்னார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே மரத்து நிழலில் ஒதுங்கினார்கள்.

முத்திருளனுக்கு மறுநாள் காலை நெஞ்சில் ஆபரேஷன். இன்றைக்கு மதியத்துக்குள் மதுரையில் சேர்ந்துவிட வேண்டும். மகன் அருண்பாண்டி அங்கே ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் அதே வாயால் ஒரு காகிதத்தில் கையெழுத்தும் கேட்டிருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்துதான் முத்திருளனுக்குத் தூக்கம் போனது.

சாவதைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. ராக்கம்மாளின் அண்ணன் அழகுபாண்டி செத்த விஷயத்தில் அவர் அவளிடம் மறைத்தது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் ஆபரேஷன் மேஜையில் படுக்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தார். பஸ் ஏறும்போது, செல்லம்பட்டி தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். செல்லம்பட்டி தாண்டியதும், செக்கானூரணி வரட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் டயர் வெடித்துவிட்டது.

தப்பித்த சந்தோஷம் மனுஷர்களைப் பேச வைக்கும். கண்டக்டர் சிவபாண்டிதான் ஆரம்பித்து வைத்தார். மேலூர்ப் பக்கத்து ஆள். அறுப்புக் காலத்தில் ரோட்டில் நெல்லைக் காயப் போட்டுவிட்டு, காவலுக்கு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். கல் ஏற்றிவந்த லாரி ஒன்று அவர் மேலேயே போயிருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் நடுவில் ஆள் கிடந்ததால் ஒரு கீறல் இல்லை.

"முழிப்பே வரலண்ணே. எந்திரிச்சுப் பாத்தா நெல்லு ரெண்டு பக்கமும் ஒதுங்கிக் கெடக்கு. மாடுதான் மேஞ்சிருச்சுன்னு மாட்டுக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன்" என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் அனந்தநாராயணன் தொண்டையைச் செருமினார். உசிலம்பட்டியில் இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாணவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மனைவி பட்டுவோடு வந்துவிட்டுத் திரும்புகிறார். ஒருநாள் மாவரைக்கிற கிரைண்டரில் கை வைக்க, கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டதாம். வாயைத் திறக்க முடியவில்லை, உயிர் போகிறது என்று தெரிகிறது, அந்த நேரத்தில் பட்டு பூரிக்கட்டையை எடுத்து மணிக்கட்டில் போட்ட போடில்தான் கை விடுபட்டது என்றார். மூன்று அடி விழுந்ததாம்.

"கரண்டுக்கு ஒரு அடிதான் அடிச்சேன்," என்றாள் பட்டு. "மத்த ரெண்டும் ஈரக் கையோட தொடாதேங்கோன்னு முன்னாடியே சொன்னதுக்கு."

இந்தத் தடவை டிரைவரே சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் முத்திருளனைப் பார்த்தார்கள். வெடித்த நேரத்தில் பதறாமல் இருந்த ஆள் இவர்தான் என்று கண்டக்டர் சொன்னார்.

"அவருகிட்டயும் ஒண்ணு இருக்கு," என்றாள் ராக்கம்மாள். "எங்கண்ணன் கெணத்துல போன கதை. சொல்லுங்க."

அவள் அதை வருத்தமில்லாமல்தான் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்டுத் தேய்ந்த கதை அது. அழகுபாண்டியும் முத்திருளனும் சேக்காளிகள். ஒரே செட்டில் கிணறு வெட்டினார்கள். பாறையில் குழி போட்டு, தோட்டா வைத்து, திரி கொளுத்தி, எல்லாம் வெடித்த பிறகு இறங்கி அள்ளுவார்கள். ஒருநாள் அழகுபாண்டி இறங்கிக் கடப்பாரை போட்டபோது, முன்னொரு நாள் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த பழைய தோட்டா வெடித்துவிட்டது. மேலே கயிற்றைப் பிடித்து நின்ற முத்திருளனுக்குக் கல் தெறித்து இடது காது போயிற்று. முதலில் இறங்க இருந்தவரே அவர்தான். மறு வருஷம் ராக்கம்மாளைக் கட்டினார். மகன் பேரில் மைத்துனன் பேரில் பாதியைச் சேர்த்தார்கள்.

இப்படித்தான் அந்தக் கதை எப்போதும் முடியும். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

முத்திருளன் வாயைத் திறந்தார். அந்தக் கதைக்குப் பதிலாக வேறொன்று வந்தது.

வெடி வைக்கிற இடத்தில் எண்ணுகிறவன் என்று ஒரு ஆள் உண்டு என்றார். மற்றவர்கள் தூரப் போய் ஆடுமாடு, வழிப்போக்கர் வராமல் மறித்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணுகிறவன் மட்டும் கிட்டத்தில் உட்கார்ந்து, எத்தனை குழிக்குத் திரி கொளுத்தினார்களோ அத்தனை வேட்டும் கேட்கிறதா என்று எண்ணுவான். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை வரைக்கும் கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது. எண்ணுகிறவன் வாயில் வருவதுதான் சட்டம்.

"அன்னிக்கு எட்டுக் குழி. எண்ணுனது நானு."

ராக்கம்மாள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

ஏழு வேட்டு வரிசையாகக் கேட்டது என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கிணற்றின் ஒரு மூலையில் ஈரம் கசிந்திருந்ததால், ஊற்று திறந்ததா என்று பார்க்க அழகுபாண்டிக்கு ஒரே அவசரம். இருபது கஜம் தள்ளி நின்றுகொண்டு, எட்டா மாப்ள, எட்டா மாப்ள என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்போது இன்னொரு வேட்டுக் கேட்டது.

"காது எட்டுன்னு சொல்லுச்சு. காலு ஏழுன்னு சொல்லுச்சு," என்றார் முத்திருளன். "கெணத்துல வெடிச்சா உள்ளங்காலு அதிரும். அந்த ஒண்ணுக்கு அதிரல. அது காத்துல வந்த சத்தம். எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் அவன் மொகத்தப் பாத்துட்டு, எட்டு, எறங்கலாம்னு சொல்லிட்டேன்."

கயிற்றை முதலில் தொட்டவர் அவர்தான். சந்தேகத்தைத் தானே இறங்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எண்ணினவன் மேலே இருடா என்று அவரைத் தள்ளிவிட்டு அழகுபாண்டி இறங்கினான். பழைய தோட்டா என்று ஒன்று இல்லவே இல்லை. எட்டாவது குழியின் திரி உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடந்திருக்கிறது. எட்டும் வெடித்ததாக எண்ணினவன் சொன்ன பிறகு, பழைய தோட்டாவைத் தவிர மற்றவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

யாரும் உச்சுக் கொட்டவில்லை. கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார். பட்டு மெதுவாக நகர்ந்து ராக்கம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த எட்டாவது சத்தம் எங்கிருந்துதான் வந்தது என்று கண்டக்டர் கேட்டார். பக்கத்து ஊர்க் கருப்பு கோயிலில் யாரோ நேர்த்திக்கடனுக்கு வேட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார் முத்திருளன். கோயில் வேட்டையும் கிணற்று வேட்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவன் எண்ணுகிற வேலைக்கே வரக்கூடாது என்றும் சொன்னார்.

அப்போதுதான் ராக்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"என்ன நேரம் இருக்கும்?"

"பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோத்துக்கு மணி அடிச்சாங்க. அதுக்குச் செத்தப் பின்னால."

"ஒரே ஒரு வேட்டா?"

"ஒண்ணுதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அழவும் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

பஸ் வந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்த பஸ்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று கண்டக்டர் சிவபாண்டி கூடவே ஏறி, இரண்டு கல்லூரிப் பையன்களை எழுப்பி அவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினார். முத்திருளன் உட்கார்ந்தார். ராக்கம்மாள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

அவர் அதைக் கவனித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய வலது பக்கம்தான் உட்காருவாள். இடது காது கேட்காது என்பது அவளுக்குத் தெரியாததா? இனி உன்னோடு பேச்சில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பெண் சொல்ல முடியாது.

செக்கானூரணி போயிற்று. அவர் தன் மனசில் இருந்ததை இறக்கியாகிவிட்டது. ஆனால் இறக்கியது மாதிரியே இல்லை. முப்பத்தோரு வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியதை நினைத்தார். தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கு மேல் அவள் வீட்டில் அனுமதித்ததில்லை. வருஷம் தவறாமல் அதே கருப்பு கோயிலில் பொங்கல் வைப்பாள், சேவல் நேர்ந்துவிடுவாள். வேட்டுக்கு மட்டும் காசு கட்ட விடமாட்டாள். யாராவது வேட்டுப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். வெடியில் அண்ணனைக் கொடுத்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு பஸ் கூட்டத்தை வைத்துக்கொண்டா சொல்வது? தனியாகச் சொல்லத் தைரியமில்லாமல் போனதற்கும் சேர்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னைய ரெண்டு வார்த்த வஞ்சிரு ராக்கு," என்றார். "இப்புடி இருக்காத. நாளைக்கு நான் எந்திரிக்கலைன்னா, நீ என்ன நெனச்சேன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்."

அவள் சட்டென்று எழுந்தாள். ஆஸ்பத்திரிப் பையை இடுக்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து, அவரை ஜன்னல் பக்கம் நகரச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். அவர் நகர்ந்தார். அவள் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். நாகமலை ஜன்னலில் கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் அவருடைய நல்ல காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"எங்கண்ணனும் நீங்களும் கெணத்துக்குள்ள போயி நல்லபடியா மேல வரணும்னு நேந்துக்கிட்டு, அன்னிக்குக் கருப்பு கோயில்ல அந்த வேட்டப் போடச் சொன்னது நாந்தான்."