கெடு முடியும் முன் ஒரு கல்யாணம்

பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் கல்யாண நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஒரு முறை டாக்டரிடம் தாடை வீங்கி ஒருவர் ஓடி வந்தார். இன்னொரு முறை பேக்கரி அடுப்பு படுத்துக்கொண்டது. இப்படித் தள்ளிப்போட்டே மூன்று மாதக் கெடுவின் கடைசி நாளுக்கு வந்துவிட்டார்கள். சாயங்கால டீ குடிக்கப் போயிருந்த பதிவாளரைக் கையோடு அழைத்துக்கொண்டு பதிவு அலுவலக லிஃப்டில் ஏறினார்கள். சாட்சிகளான டாக்டரின் தங்கையும் பேக்கரிக்காரரின் அண்ணனும் இடம் போதாமல் படியேறினார்கள்.

மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே லிஃப்ட் நின்றுவிட்டது. கதவை நெம்பியதில் மேலே ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. சாட்சிகள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள்.

"மெக்கானிக் இப்போதைக்கு வரமாட்டாராம்," என்றார் அண்ணன்.

"ஒரு நாள்தானே, நாளைக்கு வச்சுக்கலாம்," என்றார் பேக்கரிக்காரர்.

"முடியாது மாமா," என்றாள் தங்கை. அவள் வக்கீல். "கெடு தாண்டினா என்ன ஆகும்னு சட்டம் சொல்லாம விட்டிருந்தா, வெறும் வழிகாட்டுதல்னு வாதாடலாம். இதுல நோட்டீஸே செல்லாதுன்னு எழுதியிருக்கு. அப்ப அது கட்டாயம். சார், இங்கேயே நடத்திடுங்களேன்."

"ஆபீஸ்லதாம்மா நடத்தணும்."

"இது எங்க சார் தொங்குது?"

பதிவாளர் யோசித்தார். "ஆபீஸ்லதான் தொங்குது. ஆனா கல்யாணம் ஆன உடனே பதிவேட்டுல எழுதணுமே. அது மேல இருக்கு."

"உடனே எழுதலைன்னா கல்யாணம் செல்லாதுன்னு இருக்கா?"

"அப்படி எதுவும் இல்ல."

"அப்ப அது வழிகாட்டுதல். காலையில எழுதுங்க."

பதிவாளர் முகத்தில் குறும்பு படர்ந்தது. தலையை வாரிக்கொண்டு, "சாட்சிகளுக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது சார். தம்பிக்கு உச்சியில வழுக்கை விழுந்திருக்கு," என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. உறுதிமொழியைத் தொடங்குவார், பாதியில் உடைந்துபோவார்.

"சிரிப்பைச் சம்மதமா எடுத்துக்க முடியாதும்மா, வாயால சொல்லணும்," என்ற பதிவாளரே சுவரில் சாய்ந்து குலுங்கினார். கடைசியில் டாக்டர் பேக்கரிக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு பேக்கரிக்காரரும் சொன்னார். அண்ணன் மேலிருந்து போட்ட மோதிரம் பதிவாளர் தலையில் விழுந்தது.

சாட்சிகள் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் தானாகவே உயிர்பெற்று, மூன்றாம் மாடியைத் தாண்டி உச்சி மாடிக்குப் போனது. அங்கே வீட்டுக்குக் கிளம்பி நின்ற ஊழியர்களிடம், "இவங்களுக்கு இப்பத்தான் உள்ள கல்யாணம் ஆச்சு," என்றார் பதிவாளர்.

அவர்கள் கை தட்டினார்கள். பிறகு லிஃப்டை ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லோரும் படியில் இறங்கினார்கள்.