டம்ளர் கண்ணை மூடாது

"ஒண்ணு… ரெண்டு… மூணு" என்று சொல்லிவிட்டுத் தம்பி பொத்தானை அழுத்தினான். சத்தம் இல்லை, வெளிச்சம் பாயவில்லை. கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மூடிட்டேனா?" என்றாள் அக்கா.

"மூடிட்டே."

"பாதியா, முழுசா?"

"கடைக்கு ஷட்டர் இறக்கி விட்ட மாதிரி மூடியிருக்கே."

தலையணையில் சாய்ந்திருந்த அக்கா சிரித்தாள். சிரித்தால் தலை வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிக்கத்தான் செய்தது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சிரித்து முடித்தாள்.

அக்காவின் கண் விவகாரம் இன்று நேற்று வந்ததல்ல. பிறந்ததிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அவள் கண் திறந்திருந்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் அத்தான் முழித்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் இவள் நின்றுகொண்டே தூங்குவாள். "தூக்கத்துல இருந்த பொண்ணை எனக்குக் கட்டி வெச்சுட்டாங்க" என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அட, அதுகூடப் போகட்டும். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கண்ணைத் தொறந்து ரோட்டைப் பாரு!" என்று அவள் போடுகிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவளின் ஓட்டுநர் உரிமத்திலேயே கண் மூடித்தான் இருக்கிறது.

நோய் தலைக்குள் வந்திருந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வெளிச்சம் பட்டாலே வலித்ததால் அறைக்குக் கனமான திரை போட்டு, பட்டப்பகலை அந்தி ஆக்கி வைத்திருந்தார் அத்தான். திரையின் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

தம்பிக்குக் கேமராக் கடையில் வேலை. புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கேமராவை முதலாளி அவன் கையில் கொடுத்து, "வர்றவன் எல்லாம் இருட்டுல எப்படி எடுக்கும்னுதான் கேக்குறான். வீட்ல வெச்சு எடுத்துப் பார்த்துட்டு வா" என்று சொல்லியிருந்தார். எங்கே போய் இருட்டைத் தேடுவது என்று அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"இங்க எடு. ஃப்ளாஷ் இல்லாம எடுக்கும்ல? ஃப்ளாஷுக்குத்தான் என் கண்ணு மூடுது. டேய், நான் சீரியஸா சொல்றேன். நாளைக்கு நடு ஹால்ல கண்ணை மூடிப் படுத்திருப்பேன். தலைமாட்டுல வெக்கிற படத்துலயும் கண்ணை மூடிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? வர்றவங்க என்னை எங்க பார்த்துப் பேசுவாங்க?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தம்பி சிரிக்கவில்லை. "எடுத்துத் தரேன்க்கா. கண்ணைத் தொறந்த படம் ஒண்ணு, இது என் பொறுப்பு" என்றான்.

பொறுப்பு ஏற்றாயிற்று, கண்தான் ஒத்துழைக்கவில்லை. ஃப்ளாஷ் இல்லாவிட்டாலும் 'மூணு' என்றதும் அது தானாகப் பூட்டிக்கொண்டது. ரெண்டிலேயே எடுத்துப் பார்த்தான். அவள் அதை எதிர்பார்த்து ஒன்றிலேயே மூடிவிட்டாள். எண்ணாமல் எடுத்தால், எப்போது எடுக்கப்போகிறானோ என்ற பதற்றத்தில் படபடவென்று இமை கொட்டினாள். அத்தான் தம்பியின் பின்னால் நின்று குரங்கு மாதிரி முகத்தைக் கோணிக்காட்டினார். அவள் சிரித்தாள், சிரித்தால் கேட்கவா வேண்டும், இரண்டு கண்ணும் கோடாகிவிட்டன.

"நீங்க போய் சூப்பைப் பாருங்க. இருக்குற கெடுதல் போதும்" என்று அத்தானை விரட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே களைத்துப்போனாள். "என்னை விடு. கடைக்காரருக்கு என்ன சொல்லணுமோ அதைப் பாரு. வேற எதையாவது எடு."

கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலில் அவளுடைய டம்ளர் இருந்தது. எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுங்கல். வேறு யாரும் அதில் வாய் வைத்தால் அக்கா வீட்டையே இரண்டாக்கிவிடுவாள்.

"இதை எடுக்குறேன். டம்ளர் கண்ணை மூடாது."

"நன்றிடா, ரொம்ப நன்றி."

அவன் மண்டியிட்டு, ஸ்டூலின் மட்டத்துக்குக் கேமராவைப் பிடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான், வேலையில் மூழ்கினால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எடுப்பதும், திருகுவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தான்.

"என்னத்தைடா திருகுறே?"

"இருட்டா இருந்தா லென்ஸை நல்லா அகலமா தொறந்து வெக்கணும்க்கா. அப்பதான் வெளிச்சம் உள்ள போகும். ஆனா அப்படித் தொறந்தா ஒரே ஒரு பொருள்தான் தெளிவா விழும். முன்னாடி பின்னாடி இருக்குறது எல்லாம் கலங்கிடும்."

"கல்யாணமான புதுசுல உன் அத்தான் மாதிரி" என்றாள் அக்கா.

"காதுல விழுது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

படத்தைக் காட்டச் சொன்னாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து அவளிடம் நீட்டினான். டம்ளரின் விளிம்பை மட்டும் பெரிதாக்கிக் காட்டினான். மற்ற கேமரா என்றால் இருட்டில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். சும்மா சொல்லக்கூடாது, இதில் நசுங்கல்கூட நகை மாதிரி மின்னியது. அக்கா ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குடா. கழுவி வெச்சப்பகூட இவ்வளவு அழகா இருந்ததில்ல."

"கண்ணைத் தொறந்த படம் இன்னும் எடுக்கலையேக்கா."

"எடுப்பே, எடுப்பே. இப்ப நானே கொஞ்சம் மூடிக்கிறேன். இந்தச் சமயம் பார்த்து எடுத்துடாத."

அவன் கேமராவை அணைத்துவிட்டு வெளியே வந்தான். அத்தான் சூப்பை ஆற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் அவளைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் குரல் வரவில்லை. தம்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது அத்தான் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சூப் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லியாயிற்று. அக்காவின் மகள் கல்லூரியிலிருந்து வந்து, அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்பியைத் தேடினாள். அவன் அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அம்மா படம் ஒண்ணு வேணும். ஹால்ல வெக்க."

"எங்கிட்ட இல்லம்மா. எடுத்துத் தரேன்னு சொன்னேன். ஒண்ணுகூட எடுக்கல." சொல்லும்போதே அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேட்டது ஒரே ஒரு படம். கேமராக் கடைக்காரன் என்று பேர், அதைக்கூடச் செய்யத் துப்பில்லை.

மகள் கேமராவை வாங்கி, தன் லேப்டாப்பில் இணைத்துப் படங்களைத் தள்ளத் தொடங்கினாள். மூடிய கண். மூடிய கண். அத்தானின் குரங்கு முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற மூடிய கண். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து டம்ளர். டம்ளர். டம்ளர்.

"அதெல்லாம் டெஸ்ட்டும்மா, தள்ளு."

"இருங்க மாமா. பின்னாடி பாருங்க."

டம்ளர் முன்னால் பெரிதாக, கத்தி மாதிரி துல்லியமாக நின்றது. அதற்குப் பின்னால், பனியில் தெரிவதைப்போல் கலங்கலாக, அக்கா. கண்ணைத் திறந்திருந்தாள். பாதியில்லை, முழுசாக. அவள் பார்த்தது டம்ளரையும் அல்ல, கேமராவையும் அல்ல. கேமராவுக்கு மேலே, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கற்றுக்கொள்ள வந்த ஆள் முதன்முதலாக வண்டியை நேராக ஓட்டும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை. விளிம்பு நசுங்கலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த இரண்டு பேரும் இதைப் பார்க்கவே இல்லை.

தம்பி வாய்விட்டு அழுதான். ஆனாலும் அழுகைக்கு நடுவே, "எடுத்துட்டேன்டி, எடுத்துட்டேன்" என்று மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார். "டம்ளரை அழிச்சுடலாம் சார். முகத்தையும் கொஞ்சம் தெளிவாக்கிடலாம். கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணலாம்."

"வேணாம்ப்பா" என்றார் அத்தான். "நீங்க ஏதாவது பண்ணப் போய், அவ மறுபடி மூடிக்கப் போறா."

கண்ணாடி போட நேரமில்லை. அட்டையில் ஒட்டி அப்படியே தலைமாட்டில் வைத்தார்கள். அவளிடம் ஓட்டக் கற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் கார்கள் வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் நின்றன. டாக்சி ஓட்டுகிற ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தவள், படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ, டீச்சர் கண்ணைத் தொறந்துட்டாங்க!"

ஹாலே சிரித்துவிட்டது. துக்க வீட்டில் என்ன இளிப்பு என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைத்துப் பார்த்தார். பிறகு தம்பியின் அருகில் வந்து, "அது சரி, டம்ளர் எதுக்குப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். தம்பி சொன்னான். அடுத்து வந்தவருக்கும் சொன்னான். அதற்கடுத்தவருக்கு அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்த மாலையில் அத்தான், "அவ பக்கத்துல எல்லாரும் நில்லுங்க. கண்ணைத் தொறந்திருக்குறப்பவே ஒண்ணு எடுத்துக்குவோம்" என்றார். தம்பி கேமராவை எடுக்கப் போனான்.

"நீயும் நில்லுப்பா, நான் எடுக்குறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் செல்போனைத் தூக்கினார். "ஒண்ணு… ரெண்டு… மூணு!"

மங்கலான ஹாலில் ஃப்ளாஷ் மின்னல் மாதிரி அடித்தது. அவர் போனைப் பார்த்தார், தம்பியிடம் நீட்டினார்.

அத்தான், மகள், தம்பி, டாக்சிக்காரப் பெண் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, டம்ளருக்குப் பின்னாலிருந்து, அக்கா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.