ஸ்னோருக்காகச் சாத்திய ஜன்னல்

மாலை ஏழு மணி வரைக்கும் ஸ்னோர் ஒரு நாய்க்குட்டி. ஏழுக்கு மேல் அது என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பகலில் மீசையும் தாடியுமாக, பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியர் தோரணையில் உட்கார்ந்திருக்கும். ஸ்னோர் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் மீசைதான். ஏழு அடித்ததும் தலைமையாசிரியர் காணாமல் போய்விடுவார். சோபாவில் ஏறி, சுவரில் மோதி, மேசைக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, எதிர்ப்படும் முதல் மனித உறுப்பைக் கவ்வும். பெரும்பாலும் அது என் துணைவி ஹிஸ்கேயின் இடது கையாக இருக்கும்.

கடிக்க என்னிடமும் இரண்டு கைகள் இருந்தன. சமூகவியல் ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலையும் இல்லை. ஆனால் ஸ்னோருக்கு என் கைகள் பிடிக்கவில்லை. ஹிஸ்கே வயலின் வாசிப்பவள். பகலெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வாசிப்பதையும் கேட்டுவிட்டு வருவாள், பாவம். தனக்கென்று பயிற்சி செய்ய அவளுக்கு மாலை மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஓர் இசைக்குழுவில் சேர்வதற்கான தேர்வு. விரல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தந்தியை அழுத்தினால் வயலின் சளி பிடித்த மாதிரி பேசுகிறது.

"ரூலோஃப், இந்த வாரத்துக்குள்ள இது அடங்கணும். இல்லேன்னா பண்ணையிலயே கொண்டுபோய் விட்டுடலாம்," என்றாள் திங்கட்கிழமை. "நான் சும்மா சொல்லல."

அந்தப் பண்ணைக்குப் போய், எட்டுக் குட்டிகளில் இதைத்தான் வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். சொல்லும்போதும் அது அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

வைத்தியம் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நல்லா ஓட விடு, களைச்சுப் போய்ப் படுத்துடும் என்றார்கள். பூங்காவில் ஓடவிட்டேன். நானும் கூடவே ஓடினேன். நான் களைத்துப் போய்ப் படுத்தேன். ஸ்னோர் என் மேல் ஏறி நின்று காதைக் கடித்தது. ஓடவிட ஓடவிட மாலையில் வெறி கூடியதே தவிரக் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனோம். மருத்துவர் ஸ்னோரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"தூக்கம் போதல. சின்னக் குழந்தை தூக்கம் வந்தும் தூங்காம அழுமே, அந்தக் கதைதான். சாயங்காலம் வீட்டை இருட்டாக்குங்க. விருந்தாளி வேணாம், வேடிக்கை வேணாம். திரையைச் சாத்திடுங்க."

எங்களிடம் திரை இல்லை. தெருவில் பாதிப் பேரிடம் இல்லை, இருப்பவர்களும் சாத்துவதில்லை. விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்த புத்தகமாக வைத்துவிட்டு, அதற்குள் உட்கார்ந்து ரொட்டி தின்பதுதான் இங்கே ஒழுக்கம். போகிறவர்கள் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். ஜன்னலை மூடுகிற வீட்டில் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை கஞ்சாச் செடி வளர வேண்டும்.

படுக்கை விரிப்பை எடுத்து ஜன்னலில் ஆணியடித்தேன்.

ஸ்னோர் இருட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியது. என் செருப்பைக் கடித்துப் பார்த்தது. பிறகு, பேசிக்கொண்டே இருப்பவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவதைப் போல, அப்படியே விழுந்து தூங்கியது. ஹிஸ்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயலினை எடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ராகம் தொடங்கியது.

வாசல் மணி அடித்தது.

எதிர் வீட்டு ஹென்னி நின்றிருந்தார். பின்னால் அவர் கணவர் ஹார்ம், கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டு, துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு.

"யாருப்பா போயிட்டா?" என்றார் ஹென்னி, தணிந்த குரலில்.

"யாரும் போகல, ஹென்னி. நாய்க்குட்டி தூங்குது."

"நாய் தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னலை மூடணும்? இவர் முப்பது வருஷமா ஜன்னல் முன்னாடிதான் தூங்கறார். ஊரே பாத்திருக்கு."

"நான் தூங்கல," என்றார் ஹார்ம். "கண்ணை மூடிட்டு யோசிக்கறேன்."

அதற்குள் ஸ்னோர் எழுந்துவிட்டது. ஹார்மின் கால்சட்டையில் தொங்கியது. பிரித்தெடுக்க ஓடிவந்த ஹிஸ்கேயின் மோதிர விரலைக் கவ்வியது. அன்று இரண்டாவது ராகம் இல்லை.

புதன்கிழமை விரிப்பின் மேல் ஓர் அட்டையை ஒட்டினேன்: 'இங்கே யாரும் சாகவில்லை. நாய்க்குட்டி தூங்குகிறது. மணி அடிக்காதீர்கள்.' எங்கள் தெருக்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஒருவரும் மணியை அடிக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினார்கள். நாய்க்குட்டி என்ற சொல்லைப் படித்த குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். மூலைவீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, "ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்களா? மறைக்காதே. எனக்கும் நடந்திருக்கு," என்று தன் விவாகரத்தை முழுதாகச் சொன்னார். உள்ளே மேசை, சோபா, சுவர், விரல்.

வியாழக்கிழமை ஹிஸ்கே தெருவைக் கடந்து போய் ஹென்னியின் கதவைத் தட்டினாள். நானும் பின்னால் போனேன்.

"ஹென்னி, தயவுசெஞ்சு இன்னிக்கு ஒரு நாள் யாரும் வராம பாத்துக்கோங்க. நாளைக்கு எனக்குத் தேர்வு."

"நான் வரலம்மா. ஆனா மூடின ஜன்னலைப் பாத்தா மனசு கேக்கல. எங்களைப் பாக்கப் பிடிக்கலேன்னா நேரடியா சொல்லிடுங்க. ஹார்முக்கு ராத்திரியெல்லாம் வருத்தம்."

"அவரைப் பத்தி இல்ல, ஹென்னி. நாயைப் பத்தி."

"அதைத்தான் அவரும் சொல்லிட்டிருக்கார். நாயைச் சாக்கு சொல்றாங்கன்னு."

ஹிஸ்கே திரும்பி வந்து விரிப்பை இழுத்தாள். ஆணியோடு கிழிந்து வந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, "உன் அண்ணன்கிட்ட காரைக் கேளு," என்றாள்.

பண்ணைக்காரி யந்தீன் எங்களை உள்ளே கூட்டிப்போனாள். கொட்டகையில் வைக்கோல் மேல் ஸ்னோரின் தாய் படுத்திருந்தது. மணி ஏழரை. ஸ்னோர் பாய்ந்து போய் அதன் காதைக் கடித்தது. தாய் சோம்பலாக முன்னங்காலைத் தூக்கி ஸ்னோரின் கழுத்தின் மேல் வைத்தது. ஸ்னோர் திமிறியது, முனகியது. பிறகு தூங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் ஹிஸ்கே.

"அவ்வளவுதான்," என்றாள் யந்தீன்.

"தேர்வு முடிஞ்சதும், சனிக்கிழமை வந்து எடுத்துக்கலாமா?"

யந்தீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கலாம். ஆனா சனிக்கிழமையும் அதே வீடு, அதே தெருதானே? இதே மாதிரிக் குட்டி வேணும்னு இன்னொருத்தர் சொல்லி வெச்சிருக்கார். வயலுக்கு நடுவுல வீடு. கண்ணுக்கெட்டின தூரம் ஆள் கிடையாது."

ஹிஸ்கே என்னைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஏதாவது நக்கல் சொல்கிறவன் நான். அன்று தூங்குகிற ஸ்னோரைத்தான் பார்த்தேன்.

"நல்ல இடம்தான்," என்றேன்.

அவள் குனிந்து ஸ்னோரின் மீசையை ஒரு விரலால் தொட்டாள். அது கடிக்கவில்லை.

திரும்பும் வழியில் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரே வரும் கார்களின் வெளிச்சத்தில் சிறுசிறு பல் தடங்கள் தெரிந்தன. பழையவை ஏற்கெனவே வெளுத்திருந்தன.

"ஆறிட்டு வருது," என்றேன். "இனி புதுசா படாது."

"தெரியும்," என்றாள் ஹிஸ்கே. அதற்குத்தான் அழ ஆரம்பித்தாள்.